பிரித்துப் பார்த்த பெருமகனார் ஜி. டி. நாயுடு

மாசி பங்குனித் திங்களிற் குற்றாலம் வந்து பார்த்தாருளர் மிகச் சிலரே. ஆனி ஆடிச் சாரலில் ஊர் கொள்ளாத கூட்டமாய்த் திரண்டு வருவோர், பேரருவி நூலிழைபோல் மெலிந்து பாறையை மட்டும் நனைத்துக் கொண்டிருக்கும் அந்நாட்களில் இப்பக்கம் தலைகாட்டுவதில்லை. எண்ணெய்க் கடைகள் பாதி அடைத்துக் கிடக்கும். குரங்குகளும் பசியால் நம்மிடம் மரியாதையாக நடந்து கொள்ளும். வண்டிகள் நிறுத்தும் வெளிகள் யாவும் வெறுமையாய், வெயிலில் வெந்து கிடக்கும். அவ்வெளிகளில் ஒன்றில், ஞாயிறு ஆராதனை முடிந்து பிற்பகலில், தென்காசிச் சிறுவர் ஐவரோ அறுவரோ கூடி ஒரு பந்தயம் நடத்துவதுண்டு. ஓடுவன குதிரைகளல்ல, மாடுகளுமல்ல. வானொலி அலையால் தொலைவிலிருந்தே இயக்கப்படும் சிறு கார்கள்.

மெய்யான காரின் பத்தில் ஒரு பங்கு அளவினது அது. நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறையும். கையில் ஏந்திய பெட்டியின் விசையை அழுத்தினால் அலை சென்று காரினுள் இருக்கும் ஏற்பியைத் தொடும். ஏற்பியின் ஆணைப்படி ஒரு சிறு மோட்டார் பின்சக்கரங்களைச் சுழற்ற, சர்வோ என்னும் மற்றொன்று முன்சக்கரங்களைத் திருப்பும். இவ்வளவே அதன் பொருள். ஆயினும் அது கல்லில் மோதிக் கைகால் முறித்துக் கொள்ளும் வேகத்தைக் கண்டால் பார்ப்பார்க்கு நெஞ்சு பதறும்.

எம் தம்பி இவ்விளையாட்டில் முதல்வனல்லன். பந்தயத்தில் அவன் வென்றதை யாம் இருமுறைதான் கண்டோம். ஆனால் முறிந்ததை ஒட்டுவதில் அவனுக்கு நிகர் அங்கு யாருமில்லை. திசைதிருப்பும் கம்பி வளைந்து போனபோது, பழைய சைக்கிளின் ஸ்போக்ஸ் ஒன்றை வெட்டி, இரு முனையும் வளைத்து, முன்னையதினும் உறுதியான கம்பி செய்தான். சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கரம் முறிந்தபோது, காய் அரியும் வெள்ளைப் பலகையின் மூலையை அறுத்து அரத்தால் தேய்த்துப் புதுக்கரம் ஆக்கினான். எம் அன்னையார் அப்பலகையின் மூலை எங்கே போயிற்றென்று இன்றளவும் தேடி வருகின்றார். மோட்டாரின் பற்சக்கரமும் அச்சின் பற்சக்கரமும் மிக நெருங்கினால் பல் தேயும், மிக விலகினால் பல் வழுக்கும் என்பர். இதற்கு அவன் கண்ட உபாயம், இரண்டுக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை வைத்துத் திருகை முறுக்கிவிட்டுப் பின் காகிதத்தை உருவிவிடுவது. வேண்டிய இடைவெளி தானே அமைந்துவிடும். அக்காகிதம் எம் யாப்பிலக்கணக் குறிப்பேட்டிலிருந்து கிழிக்கப்பட்டதென்பதைப் பின்னரே யாம் அறிந்தோம்.

இவனே சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பின் நடுவே பள்ளியை விட்டு நின்றவன். புளியரை வழியாக மலையேறிக் கேரளத்துக்குச் செல்லும் லாரிகள் பழுதுபார்க்கப்படும் ஒரு பட்டறையில், அண்ணாச்சி ஒருவரிடம் தொழில் கற்றுக் கொண்டிருக்கின்றான். எம் தந்தையார் இதனாற் பெரிதும் மனமுடைந்தார். ஒரு மகன் தமிழ் சிறப்பு வகுப்பிலும் மற்றொரு மகன் எண்ணெய்க் கறையிலும் இருப்பதை அவராற் பொறுக்க முடியவில்லை. இல்லத்தில் இருவரும் ஒருவரோடொருவர் பேசி ஆறு திங்களாயின. இந்நிலையில் ஆண்டு மலருக்குப் பெரியார் ஒருவர்தம் வரலாறு எழுதித் தருமாறு எம்மைப் பணித்தனர். புலவர் வரலாறே யாம் எழுதுவோமென்று எதிர்பார்த்திருப்பர். யாம் எடுத்துக் கொண்டதோ மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடிய ஒருவர்தம் வரலாறு. இக்கல்லூரி மலரில் அதனை எழுதுவது சற்று முரணே. அம்முரணை அறிந்தே எழுதுகின்றோம்.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், கோபால்சாமி நாயுடு என்னும் உழவர்க்கு 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் பிறந்தவர் துரைசாமி. இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளியில் அவர்தம் வாழ்வு நெடிதன்று. ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடினாரென்று அவ்வட்டாரத்தார் கூறுவர். இதனை யாம் புகழ்ந்துரைக்கவில்லை. நம் பேராசிரியர்கள் இம்மலரைப் படிப்பரென்பதும் எமக்கு நினைவிருக்கின்றது. எவ்வாறாயினும் எழுத்தறிவு சிறிதும் ஏர்த்தொழில் பெரிதுமாக, துரைசாமி தந்தையாரின் நிலத்தில் வளர்ந்தார்.

அவர் இளைஞராயிருந்த காலத்தே அவ்வூர் வழியாக ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியைத் துரைசாமி அன்றுதான் முதன்முதற் கண்டார். ஊரார் அதனைக் கண்டு வியந்து வீடு திரும்பினர். துரைசாமிக்கோ வியப்பு அத்தோடு நிற்கவில்லை. அதனுள் என்ன இருக்கிறதென்று காணாமல் இருப்புக் கொள்ளவில்லை. காண்பதற்கு வண்டி தமதாக வேண்டும், தமதாவதற்குப் பொருள் வேண்டும். ஆகவே நிலமும் வீடும் விட்டுக் கோவை நகர் சென்று ஓர் உணவு விடுதியிற் பரிமாறும் ஏவலராக அமர்ந்தார். உழவர் குடியில் நிலமுடையார் மகன் பிறர்க்கு இலை போட்டு நீர் ஊற்றி வாழ்வது அந்நாளில் எத்துணை இழிவாகக் கருதப்பட்டிருக்குமென்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அவ்வதிகாரியிடமிருந்தே அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்குப் பெற்றார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. முதலிற் செய்தது அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்ததே. ஈண்டு வாசகர் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். ஈராண்டு மூவாண்டு உழைத்த உழைப்பெல்லாம் ஒரு வண்டியாக நிற்கின்றது. அதனை அறிந்து சொல்வார் அருகில் இல்லை. படம் வரைந்து விளக்கும் நூல் இருப்பினும் படிக்கப் போதிய கல்வி இல்லை. பிரித்தபின் மீண்டும் பூட்ட இயலாதாயின் கையில் எஞ்சுவது ஒரு கூடை இரும்பு மட்டுமே. இதனையெல்லாம் அறிந்தும் பிரித்தார், மீண்டும் பூட்டினார், வண்டியும் ஓடிற்று. இயந்திரத்தைப் பழுதுபார்ப்பார் யாவரும் அறிந்த ஒன்றுண்டு. பிரிப்பது எளிது. எது எதன்மேல் இருந்தது, எந்தத் திருகு எந்தத் துளையினது, எந்த வளையம் முன்னே எது பின்னே என்பதைப் பிரிக்கும்போதே நெஞ்சில் நிரல்படுத்திக் கொண்டாலன்றிப் பூட்டுதல் கைகூடாது. எம் தம்பி கழற்றும் திருகுகளைப் பழைய செய்தித்தாளின்மேல் கழற்றிய வரிசையிலேயே பரப்பி வைப்பான். அதனை ஒருவரும் தொடலாகாது. ஒருமுறை மின்விசிறி சுழன்று அத்தாள் பறந்தபோது இல்லத்தில் எழுந்த கூக்குரலை யாம் மறவோம்.

இவ்வாறு துரைசாமி ஊர் அறிந்த மெக்கானிக் ஆனார். பின்னர்ப் பருத்தித் தொழிலில் இறங்கித் திருப்பூரிற் பொருள் ஈட்டினார். அதனைப் பன்மடங்காக்கும் ஆசையாற் பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் ஈடுபட்டு, அங்கே இழந்து வெறுங்கையராய் மீண்டார். வணிகச் சூதாட்டம் அவர் கைக்கு உகந்ததன்று போலும். தொட்டுப் பார்க்கக் கூடிய பொருளே அவர்க்குக் கைகொடுத்தது.

அவ்வமயம் அவர்க்குத் துணை நின்றவர் கோவையில் வாழ்ந்த ஆங்கிலத் தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்ஸ் துரையாவார். 1862-இல் அந்நகரிற் பள்ளி நிறுவி, இன்றும் அதன் பெயராற் போற்றப்படுபவர் இவர். மூன்றாம் வகுப்பு மட்டுமே கண்ட இளைஞரைப் பள்ளி நிறுவிய ஒருவர் நம்பினார் என்பது எமக்கு நினைக்கத்தக்க செய்தியாகத் தோன்றுகின்றது. ஸ்டேன்ஸ் தந்த கடனுதவியால் ஒரு பஸ் வாங்கப்பட்டது. 1920-ஆம் ஆண்டில் அது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கிற்று. ஓட்டுநரும் உரிமையாளரும் பழுதுபார்ப்பவரும் ஆகிய மூவரும் துரைசாமி ஒருவரே.

ஒரு பஸ் பலவாகி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யூ. எம். எஸ்., என்னும் நிறுவனமாயிற்று. 1933-ஆம் ஆண்டில் 280 பஸ்கள் அதன்கீழ் ஓடின. அக்காலச் சாலைகளை நாம் மறத்தலாகாது. மண்சாலையும் கப்பிச் சாலையும் பஸ்ஸின் எலும்பையெல்லாம் உலுக்கும். உதிரிப் பொருள்கள் கப்பலேறி வரவேண்டும். வரும் வரையில் வண்டி நின்றால் பிழைப்பும் நின்றது. ஆகவே பழுதைத் தம் பட்டறையிலேயே நீக்கிக் கொள்ளத் தெரிந்தவர்க்கே பஸ் தொழில் வாய்த்தது. நாயுடு அதற்கும் ஒருபடி மேலே சென்றார். பயணச்சீட்டு அச்சிட்டுத் தரும் கருவியை அமைத்தார். பஸ் எந்நேரத்தில் நிலையத்தை அடைந்தது, எந்நேரத்தில் விட்டது என்பதைக் காட்டும் கருவியை அமைத்தார். நடத்துநரின் நேர்மையையும் ஓட்டுநரின் காலந்தவறாமையையும் அறிவுரையால் வளர்க்க முயலாமல் கருவியால் உறுதிப்படுத்தினார். இது சிறிது கடுமையான உள்ளமென்று சிலர் கருதலாம். தென்காசி நிலையத்தில் நண்பகல் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர் எவரும் அவ்வாறு கருதார்.

நிற்க. இனி அவர் வாழ்வில் எமக்கு மிகவும் விருப்பமான பகுதிக்கு வருவோம். அது மோட்டார். காரை ஓட்டும் பெட்ரோல் இயந்திரத்தை யாம் குறிக்கவில்லை. மின்சாரத்தாற் சுழலும் மோட்டாரையே குறிக்கின்றோம்.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கிற்று. நீலமலையின் நீர் கோவை நாட்டுக்கு ஒளியாகவும் ஆற்றலாகவும் வந்து சேர்ந்தது. கோவை வானம் பார்த்த நாடு. கிணறுகளோ மிக ஆழமானவை. கவலையில் எருது பூட்டி நாள் முழுதும் இறைத்தாலும் வயலுக்குப் போதாது. மின்சாரம் வந்தபின் நீரிறைக்கும் குழாய்க்கும் நூல் ஆலைக்கும் மோட்டார் வேண்டியதாயிற்று. மோட்டாரோ கடல் கடந்து வரவேண்டியதாயிற்று. 1937-இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கினர். பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இன்று தமிழ்நாட்டுக் கிணறுகளில் ஒலிக்கும் பம்புசெட்டுகளில் மிகப் பல கோவையிலிருந்தே வருகின்றன. தென்காசி வட்டாரத் தோட்டங்களில் இரவில் அவ்வொலி கேட்கும்பொழுதெல்லாம் அந்த 1937-ஐ நினைத்துக் கொள்வது எமக்கு வழக்கமாகிவிட்டது.

பெரிய மோட்டாரேயன்றி மிகச் சிறிய மோட்டார் ஒன்றிலும் அவர் கருத்தைச் செலுத்தினார். ஐரோப்பிய நாடுகளில் அவர் பன்முறை பயணஞ் செய்தார். செல்லுமிடமெல்லாம் தொழிற்சாலைகளே அவர்க்குத் திருத்தலங்கள். செருமனி நாட்டுப் பயணத்தின் பயனாகத் தோன்றியது ரசாந்த் என்னும் முகமழிக்கும் மின்கருவி. உலர்ந்த மின்கலங்களால் இயங்கும் சிறு மோட்டார் அதனுள் இருந்தது. அதனை அவர் செருமனியின் ஹைல்பிரான் நகரிற் செய்வித்தார்.

சிறு மோட்டாரின் உள்ளமைப்பை எம் தம்பி எமக்கு விளக்கியதுண்டு. புலவர் மகனாருக்குப் பாடஞ்சொல்லும் பெருமிதம் அவன் முகத்தில் அன்று விளங்கிற்று. இருபுறமும் காந்தம். நடுவே அச்சில் செம்புக்கம்பி சுற்றிய சுருள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அதுவும் காந்தமாகிப் பக்கத்துக் காந்தத்தோடு இகலிச் சுழலும். அரைச் சுற்றுச் சுழன்றதும் மின்சாரத்தின் திசையை மாற்றாவிடின் அங்கேயே நின்றுவிடும். அதனை மாற்றுவதற்காக அச்சின் முனையிற் பிளவுபட்ட செம்பு வளையமும், அதனைத் தொட்டபடி இரு கரித்துண்டுகளும் வைத்திருக்கின்றனர். பந்தயக் கார் வேகங்குன்றினால் பெரும்பாலும் இக்கரி தேய்ந்ததே காரணம். கரித்தூள் வளையத்தின் பிளவில் அடைந்து கொள்வதும் உண்டு. தூளைத் துடைத்து, வளையத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, புதுக் கரி இட்டால் மோட்டார் மறுபிறவி எய்தும். முகமழிக்கும் சிறு கருவியும் முற்றத்தில் ஓடும் சிறு காரும் மின்கலத்தையும் குட்டி மோட்டாரையும் நம்பி வாழும் ஒரு குடிப்பிறப்பினவே. நாயுடு எம் தம்பியின் காரைக் கண்டிருப்பின் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார், திருப்புளியைக் கேட்டிருப்பார் என்றே எண்ணுகின்றோம்.

அலையால் இயக்கும் கலையோ அவர் சிறுவராக இருந்த காலத்திலேயே உலகிற் பிறந்துவிட்டது. 1898-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து மாடிசன் சதுக்க மாளிகையில் நிகழ்ந்த மின்பொருட்காட்சியில், நிகோலா டெஸ்லா என்னும் அறிஞர் தொட்டி நீரில் மிதந்த ஒரு சிறு படகைக் கம்பித் தொடர்பின்றித் தொலைவிலிருந்தே திருப்பிக் காட்டினார். கண்டவர்கள் மாயமென்று மயங்கினர். இன்று குற்றாலத்து வெளியில் ஓடும் காரின் முன்னோர் அப்படகே. வானொலியைப் பற்றி நாயுடுவும் வாளாவிருக்கவில்லை. ஐந்து வால்வுள்ள வானொலிப் பெட்டியை எழுபதே ரூபாய் அடக்கத்தில் இந்தியாவிற் செய்து தர முடியுமென்று 1941-இல் அறிவித்தார். அந்நாளில் வானொலிப் பெட்டி செல்வர் மனையின் அணிகலன். ஏழை கேட்கட்டும் என்னும் எண்ணம் அவ்வறிவிப்பில் இருந்தது.

அவர் கைபட்ட பொருள்களை எண்ணத் தொடங்கின் முடிவு காணோம். மிக மெல்லிய சவரத் தகடு, திரைப்படக் கருவிக்குத் தொலைவு அளந்து பொருத்தும் உறுப்பு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, கள்ளம் புரிய இயலாத வாக்குப்பதிவுப் பொறி ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் இறுதியாகச் சொன்னது நம் நாட்டின் பிற்காலத்தை நோக்கின் வியப்பைத் தருவது. அவர் மறைந்து எட்டாண்டு கழித்து 1982-இல் கேரளத்துப் பறவூரிலேதான் மின்னணு வாக்குப்பொறி முதன்முதற் பயன்பட்டது. தேர்தலில் அவர்க்கிருந்த அக்கறை பொறியோடு நின்றதன்று. மாகாணத் தேர்தலுக்குத் தாமே நின்று தோற்றார். படம் பிடிப்பதிலும் பெருவிருப்பினர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை 1936-இல் இலண்டனில் தம் கையாலேயே படமெடுத்தார். பருத்தியிலும் பப்பாளியிலும் புதுவகை கண்டார். மனிதனை மறைக்கும் உயரத்துக்குப் பருத்திச் செடி வளர்த்தாரென்றால் நம் கரிசல் நாட்டு உழவர் நம்ப மறுப்பர்.

1944-இல் மோட்டார் நிறுவன நிருவாகத்தினின்றும் விலகி, ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித்தொகையும் தொழிலாளர்க்கு நலத்திட்டங்களும் அறிவித்தார். மறு ஆண்டு அவர் செய்த செயலே இம்மலரில் இவ்வரலாற்றை எழுதுமாறு எம்மைத் தூண்டியது. அவர்தம் முயற்சியாலும் கொடையாலும் 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. ஆர்தர் ஹோப் அந்நாளைய சென்னை மாகாண ஆளுநர். கல்லூரியின் முதல்வராக அமர்ந்தவர் நாயுடுவே. மூன்றாம் வகுப்போடு பள்ளி துறந்தவர் பொறியியற் கல்லூரியின் முதல்வர்! இத்தகைய காட்சியை நாட்டு வரலாற்றில் வேறெங்கும் யாம் கண்டிலோம்.

ஆயின் அப்பதவியில் அவர் நெடுநாள் இருந்தாரல்லர். பொறியியற் படிப்புக்கு நான்காண்டு தேவையில்லை, ஈராண்டு போதும், எஞ்சிய ஈராண்டு மாணவர் வாழ்நாளின் வீண் என்பது அவர் கொள்கை. பாடங்களைத் தாமே நடத்திக் காட்டவும் முன்வந்தார். அரசு இணங்கவில்லை. 1946-இல் பதவியைத் துறந்தார். இதில் யாம் முற்றிலும் அவர் பக்கத்தினரல்லோம். பட்டறையில் ஈராண்டிற் கைவரும் திறம் உண்டு. அதற்கு எம் தம்பியே சான்று. ஆனால் எதனால் இவ்வாறு நிகழ்கின்றது என்னும் கேள்விக்கு விடை காணக் காலம் வேண்டும். தொல்காப்பியத்தை ஈராண்டில் முடித்துவிடலாமென்று யாரேனும் வந்து சொன்னால் எம் பேராசிரியர் எத்தகைய முகங்காட்டுவாரென்பதை எம் வகுப்புத் தோழர்கள் அறிவர். நாயுடுவின் கை அவர்க்கு ஆசிரியராயிருந்தது. எல்லார் கையும் அத்தகையதன்று. தமக்கு எளிதானது பிறர்க்கும் எளிதென்று கருதியது அவரிடம் யாம் காணும் ஒரு குறை. எனினும் அவர் கேட்ட கேள்வி தவறானதன்று. மாணவன் நான்காண்டில் எத்தனை நாள் இயந்திரத்தைத் தொட்டான் என்பதே அவர் கேள்வி. அதற்கு அரசு விடை சொல்லவில்லை.

அக்கல்லூரி பின்னர் இடம் மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரோடு தடாகம் சாலையில் இன்றும் நிற்கின்றது. அவிநாசிச் சாலையிலுள்ள பழைய இடத்திற் கல்லூரி இல்லை. ஆனால் கோவைப் பஸ் நடத்துநர் அந்நிறுத்தத்தை இன்றும் ஹோப் காலேஜ் என்றே கூவி அழைக்கின்றனர்.

விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் அரசோடு அவர்க்கிருந்த பிணக்கு மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. 1952-இல் இருவர் அமர்ந்து செல்லும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாய். நடுத்தரக் குடும்பத்தார் கார் வாங்குவதைக் கனவிலும் எண்ணாத காலம் அது. அக்காரைத் தொழிற்சாலையில் செய்து விற்க அரசு உரிமம் வழங்கவில்லை. கார் அத்தோடு நின்றது. வரிக் கொள்கையைக் கண்டித்துத் தாம் செய்த பொருள்களையே பொதுமக்கள் முன்னிலையில் ஒருமுறை உடைத்தெறிந்தார். இச்செயலைப் படித்தபோது எமக்கு வருத்தமே மிகுந்தது. முறிந்ததை ஒட்டுவதற்கென்றே பிறந்த கை, ஒட்டியதை முறித்தது. சினத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் அவ்வானொலிப் பெட்டிகளைத் திருகு திருகாகப் பூட்டிய தொழிலாளர் அருகில் நின்று அதனை எவ்வாறு கண்டனரோ, அறியோம்.

தென்காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம் பல தலைமுறை பிளந்து மொட்டையாகவே நின்றது. நம் பாட்டன்மார் அதனை அந்நிலையிலேயே கண்டு மாய்ந்தனர். 1990-இல் அதனை மீண்டும் வானளாவ எழுப்பிக் குடமுழுக்குச் செய்தனர். பிளந்து கிடப்பதைக் கண்டு பழகிப் போவாரும் உளர், எழுப்பத் துணிவாரும் உளர். நாயுடு இரண்டாம் வகையினர். அவர்தம் சினமும் அவ்வகையார்க்கு இயல்பான சினமே என்று ஓரளவு மன்னிக்கலாம்.

1967-இல் கோவையில் அவர்தம் பெயரால் தொழிற் பொருட்காட்சி நிலையாக நிறுவப்பட்டது. கடைசி ஆண்டுகளில் மாணவர் கண்டு கேட்டுத் தொட்டுப் பார்க்கும் இடமாக அதனை விட்டுச் சென்றார். 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள், எண்பது அகவை நிறைந்த நிலையில் காலமானார். அவிநாசிச் சாலையில் அக்காட்சிச்சாலையும், அதனையொட்டிப் பிற்காலத்தே அமைந்த பழங்கார்களின் காட்சிச்சாலையும் இன்றும் உள்ளன.

சென்ற டிசம்பர் விடுமுறையில் எம் தம்பியோடு ஒருநாள் அங்குச் சென்றோம். பழங்கார்களின் பளபளப்பில் யாம் மயங்கி நின்ற வேளையில் அவன் ஒவ்வொன்றின் கீழும் குனிந்து குனிந்து நோக்கினான். காவலர் இருமுறை அதட்டினார். திரும்பும் பஸ்ஸில், திருநெல்வேலி வரும் வரையில், நாயுடு பஸ் ஓட்டிய காலத்தில் உதிரிப் பொருள் வராவிடின் என்ன செய்திருப்பார் என்பதே அவன் பேச்சு. வீடு சேர்ந்ததும், தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் பிரிவிற் சேர்வதற்கான விண்ணப்பத் தாளைத் தன் பையினின்றும் எடுத்து எம்மிடம் காட்டினான். அண்ணாச்சிதான் வாங்கித் தந்தாராம். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

யாம் எழுதிய இக்கட்டுரையின் முதற்படியை அந்த விண்ணப்பத்தோடு சேர்த்து எம் தந்தையாரின் மேசைமீது வைத்தோம். மறுநாட் காலையிற் கட்டுரையில் இரண்டு ஒற்றுப்பிழைகள் சிவப்பு மையால் திருத்தப்பட்டிருந்தன. விண்ணப்பம் அங்கு இல்லை. அது அவர் சட்டைப்பையில் இருப்பதாக அன்னையார் கூறுகின்றார். மலர் அச்சுக்குச் செல்லும் இந்நாள்வரை யாம் அறிந்தது இவ்வளவே. தம்பி புறக்கடையில் ஒரு ஸ்போக்ஸை அரத்தால் தேய்த்துக் கொண்டிருக்கின்றான்.